கிளிநொச்சியின் வீதிகளும் காணிகளும்: ஒரு வரலாற்று நோக்கு

நமது சங்கம் கிளிநொச்சி நகரத்தைவிட வயதில் மூத்தது. யாழ்ப்பாணத்தின் சனநெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிப்பதற்கென்று 1936இல் குடியேற்றத் திட்டமாகத் தொடங்கிய ஊர் இது. அந்த வேளையில் நமது கல்லூரியின் பழைய மாணவிகள் ஏற்கெனவே ஆண்டுக்கூட்டம் கூடி, அறிக்கை வாசித்து, தேநீர் விருந்தும் நடத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுட் சிலர் மணம் முடித்த கையோடு ஆனையிறவைத் தாண்டி வந்து, இரணைமடு வாய்க்காலோரத்தில் மண்சுவர் வீட்டில் உலை வைத்தவர்கள். இன்று கிளிநொச்சியிலும் அதைச் சூழவும் வாழும் நாங்கள் அவர்களின் மக்கள், பேத்திகள், அல்லது பின்னாளில் இடம்பெயர்ந்து இங்கு வந்து தங்கிவிட்டவர்கள்.

நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை கேட்கப்பட்டபோது, கோயில்களைப் பற்றி எழுதலாம், பாடசாலைகளைப் பற்றி எழுதலாம் என்றெல்லாம் பேச்சு வந்தது. கடைசியில் காணியையும் வீதியையும் எடுத்துக்கொண்டோம். வெளிநாடுகளில் வாழும் நமது சகோதரிகள் எங்களுக்கு எடுக்கும் தொலைபேசி அழைப்புகளில், சுகம் விசாரித்து முடிந்தபின் வரும் முதற் கேள்வி, “அப்பாவின்ரை காணி இப்ப எப்படிக் கிடக்கு?” என்பதுதான். அதற்கு ஒரு வரியில் மறுமொழி சொல்ல எங்களால் முடிவதில்லை. ஏன் முடிவதில்லை என்பதே இக்கட்டுரை.

கிளிநொச்சி என்ற பெயரில் கிளியும் இருக்கிறது, நொச்சியும் இருக்கிறது. நகரின் வடக்கே உள்ள சந்திக்குக் கரடிப்போக்கு என்று பெயர். ஊர் காடாகக் கிடந்ததற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. கண்டி வீதி இக்காட்டை ஊடறுத்துச் சென்றது. 1905இல் வடக்குப் புகையிரதப் பாதையும் அதனருகே வந்து சேர்ந்தது. ஆனால் வீதியும் புகையிரதமும் இந்த இடத்தை ஊராக்கவில்லை. அவை இதைக் கடந்துதான் போயின. ஊராக்கியது கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுக் குளம். 1902இல் தொடங்கிய அந்த வேலை முடிய ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. குளம் முடிந்தபின் வாய்க்கால், வாய்க்காலின்பின் வயல், வயலின்பின் சனம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

இந்த ஒழுங்கை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். கொழும்பு நகருக்கு 1921இல் பேட்ரிக் கெடிஸ் என்ற புகழ்பெற்ற ஸ்கொட்லாந்துக்காரர் வந்து திட்டம் வரைந்து கொடுத்தார். அநுராதபுரம் புதிய நகரத்தை 1940களின் கடைசியில் ஒலிவர் வீரசிங்க என்ற நம் நாட்டு நகரத் திட்டமிடலாளர் வரைந்தார். கிளிநொச்சியின் முதற் கோடுகளைப் போட்டவர்கள் நீர்ப்பாசன எந்திரிகளும் நில அளவையாளர்களும். அவர்கள் பார்த்தது நிலத்தின் சரிவை. வாய்க்கால் மேட்டோரமாக வளைந்து செல்லும். அதற்குக் கீழே வயல். மேலே மேட்டுக்காணி, அதாவது வீடும் கிணறும் தென்னையும் வைக்கும் காணி. வாய்க்காற் கரையில் ஒரு வண்டிப்பாதை விடப்பட்டது, மதகு திறப்பவர் போய்வருவதற்கு. இன்று நாங்கள் மோட்டார் சைக்கிளிலும் முச்சக்கர வண்டியிலும் போகின்ற வீதிகளிற் பல அந்த வண்டிப்பாதைகளே. தண்ணீர் போன வழியில் வீதி போனதால், ஒரு பகுதியிலிருந்து பக்கத்துப் பகுதிக்கு நேரே போக வழியில்லாமல், கண்டி வீதிக்கு ஏறி மீண்டும் இறங்க வேண்டிய நிலை பல இடங்களில் இருக்கிறது. கனகபுரம், உருத்திரபுரம், வட்டக்கச்சி என்று எங்கிருந்து புறப்பட்டாலும் எல்லாரும் கண்டி வீதியிலேயே முட்டிக்கொள்கிறோம். நகரம் அகலாமல் நீண்டுகொண்டே போவதற்கு இதுவே முதற் காரணம் என்பது எங்கள் கருத்து.

இனிக் காணிக்கு வருவோம். 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், விவசாய, காணி அமைச்சராக இருந்த டி. எஸ். சேனநாயக்கவின் காலத்தில் வந்தது. காணிக் கச்சேரி வைத்துப் பயனாளியைத் தெரிவு செய்வார்கள். முதலில் உத்தரவுப்பத்திரம் கொடுப்பார்கள். நாமெல்லாம் பெர்மிட் என்று சொல்வது அதுதான். காட்டை வெட்டி, வேலி அடைத்து, வீடு கட்டி, நிபந்தனைகளை நிறைவேற்றினால் பிறகு அளிப்புப் பத்திரம் கிடைக்கும். நாட்டின் குடியேற்றத் திட்டங்களில் தொடக்கத்தில் ஒரு குடும்பத்துக்கு 5 ஏக்கர் வயலும் 3 ஏக்கர் மேட்டுக்காணியும் கொடுப்பது வழமையாக இருந்தது. 1950களில் அது 3 ஏக்கரும் 2 ஏக்கருமாகக் குறைந்தது. பின்னர் இன்னும் குறைந்தது.

சட்டத்தின் நோக்கம் நல்லது. ஏழை விவசாயி கடன்பட்டுக் காணியைச் செட்டியிடமோ முதலாளியிடமோ இழந்துவிடக் கூடாது என்பதற்காக, இஷ்டப்படி விற்கவும் ஈடு வைக்கவும் தடை விதித்தார்கள். காணி துண்டுதுண்டாகிவிடக் கூடாது என்பதற்காகப் பின்னுரிமையாளர் ஒருவரையே நியமிக்கும் முறையை வைத்தார்கள். நியமனம் இல்லாமல் உரிமையாளரும் துணையும் இறந்துவிட்டால் யாருக்குப் போகும் என்பதற்கு மூன்றாம் அட்டவணை என்று ஒன்று இருந்தது. அதில் முதலில் மகன்மார், அடுத்து மகள்மார். பேரன்மார், அடுத்து பேத்திமார். ஒரே வரிசையிலும் மூத்தவருக்கே முதலிடம். குடும்பத்தில் எத்தனை பெண்கள் இருந்தாலும் ஒரு மகன் இருந்தால் பத்திரம் அவன் பெயருக்குப் போகும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களின் வழமை இதற்கு நேர்மாறானது. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமை, சொத்தை முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று பிரித்தது. சீதனக் காணி பெண்ணின் காணி. பெண்ணுக்கு வளவும் வீடும் கொடுத்து அனுப்புவதுதான் தகப்பனின் கடமை என்று வளர்ந்தவர்கள் நம் பாட்டன்மார். அவர்கள் கையில் பிரிக்க முடியாத ஒரு பத்திரம் கொடுக்கப்பட்டபோது என்ன செய்தார்கள்? பத்திரத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, காணியைப் பிரித்தார்கள். மூன்று ஏக்கர் மேட்டுக்காணியில் மூத்தவளுக்கு முன்பக்கம் பன்னிரண்டு பரப்பு, அடுத்தவளுக்கு அதன் பின்னால், கடைக்குட்டிக்கு வாய்க்கால் பக்கம் என்று கதியால் நட்டுக் காட்டினார்கள். பின்னால் இருப்பவர்கள் போய்வர ஓரமாக ஓர் ஒழுங்கை விட்டார்கள். வண்டி ஒன்று போகத்தக்க அகலம், அவ்வளவுதான். எழுத்தில் ஒன்றும் இல்லை. பெரியவர்கள் நாலுபேர் நின்று பார்த்தார்கள், அது போதுமாக இருந்தது.

கிளிநொச்சி நகரத்தின் உள்வீதிகளைப் பார்க்கும் எவருக்கும் இது கண்ணிற் படும். கண்டி வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கைகளில் எத்தனையோ, நில அளவைப் படம் எதிலும் இல்லாதவை. அவை ஒரு தகப்பன் தன் மகள்மாருக்கு விட்ட வழிகள். பிரதேச சபை இன்று அவற்றுக்குத் தார் போடவும் வடிகால் வெட்டவும் முற்படும்போது, இது பொது வழியா தனியார் காணியா என்ற கேள்வி எழுகிறது. பத்திரத்தைப் பார்த்தால் முழுக் காணியும் ஒருவருடையது. நிலத்தைப் பார்த்தால் நாலு வீடு, நாலு கிணறு, நாலு படலை. நகரத் திட்டமிடல் பற்றி வெளியூர் அறிஞர்கள் வந்து விரிவுரை செய்யும்போது இந்த ஒழுங்கைகளைச் சட்டவிரோதப் பிரிப்பு என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். எங்களுக்கு அவை எங்கள் அம்மாமாரின் சீதனம்.

குடியேறியவர்கள் எல்லாரும் யாழ்ப்பாணத்து விவசாயிகள் என்று நினைத்துவிடக் கூடாது. படித்த வாலிபருக்கென்று திட்டங்கள் வந்தன. விசுவமடுப் பக்கம் மிளகாயும் வெங்காயமும் செய்து கையில் காசு பார்த்த இளைஞர்களைப் பற்றி முதியவர்கள் இன்றும் கதைப்பார்கள். ஆனையிறவுக்கு அப்பால் மிருசுவிலில் படித்த மகளிர் திட்டம் என்ற பெயர் இன்னும் வழங்குகிறது. பெண் பெயரில் காணி கொடுக்க அரசாங்கத்துக்கு அன்றே தெரிந்திருந்தது என்பதற்கு அந்தப் பெயர் ஒன்றே போதும். பின்னர் 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் தெற்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் உயிர் தப்பி வந்த குடும்பங்கள் வன்னியில் இறங்கின. பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம், தொண்டமான் நகர் முதலிய குடியிருப்புகளில் இன்று வாழ்பவர்களிற் பெரும்பாலோர் மலையக வழிவந்தவர்கள். காடு வெட்டியவர்கள் அவர்கள், வயலில் கூலிக்கு இறங்கியவர்கள் அவர்கள். ஆனால் உத்தரவுப்பத்திரம் அவர்களிற் பலருக்குக் கிடைக்கவில்லை. குளத்துத் தண்ணீர் பாயாத மேட்டிலும், யாரோ விட்டுப்போன காணியிலுமே குடியிருக்க நேர்ந்தது. நமது கல்லூரியில் படித்துவிட்டு இங்கு ஆசிரியைகளாக வந்த பலர் முதலிற் படிப்பித்தது அந்தப் பிள்ளைகளைத்தான். அவர்களின் கதையை விட்டுவிட்டுக் கிளிநொச்சிக் காணியின் வரலாற்றை எழுத முடியாது.

1984 பெப்ரவரியில் யாழ்ப்பாண மாவட்டத்தின் தென்பகுதியைப் பிரித்துக் கிளிநொச்சி தனி மாவட்டமானது. விவசாய ஊருக்குத் திடீரென்று கச்சேரி வந்தது, திணைக்களங்கள் வந்தன, அரசாங்க அதிபர் வந்தார். கந்தசாமி கோயில், டிப்போச் சந்தி, 155ஆம் கட்டை, கரடிப்போக்கு என்று கண்டி வீதியின் இருமருங்கும் கட்டடங்கள் எழத் தொடங்கின. பரந்தனில் 1950களில் நிறுவப்பட்ட இரசாயனத் தொழிற்சாலையை வைத்து, பரந்தனும் கிளிநொச்சியும் இணைந்த ஒரு தொழில் நகரம் உருவாகும் என்று பேசியவர்களும் அக்காலத்தில் இருந்தார்கள். மறுவருடமே, 1985இல், தொழிற்சாலை போரினால் மூடப்பட்டது. 1990இல் புகையிரதம் நின்றது.

அதற்குப் பின்வந்த ஆண்டுகளை இம்மலரின் வாசகர்கள் எல்லாரும் தங்கள் உடம்பில் தாங்கியிருக்கிறார்கள். நாங்கள் விரித்துச் சொல்லத் தேவையில்லை. 1995 இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து இலட்சக்கணக்கில் சனம் வெளியேறியபோது கிளிநொச்சி தாங்கிக்கொண்டது. மறுவருடம் கிளிநொச்சியே இடம்பெயர்ந்தது. 1996 செப்ரெம்பரில் நகரம் இராணுவத்திடமும், 1998 செப்ரெம்பரில் விடுதலைப் புலிகளிடமும் கைமாறியது. அந்த இரண்டு ஆண்டுகளில் நகரம் என்பது இடம்மாறி ஸ்கந்தபுரத்திலும் அக்கராயனிலும் மல்லாவியிலும் இருந்தது: சந்தை அங்கே, பாடசாலை அங்கே, அலுவலகங்களும் அங்கே. காட்டோர ஊர்ச் சந்தி ஒன்று சில மாதங்களில் நகரமாவதையும், பிறகு சில மாதங்களில் மீண்டும் சந்தியாவதையும் கண்ணாற் கண்டவர்கள் நாங்கள். திட்டமிடல் நூல்களில் இதற்குப் பெயர் இருக்கிறதோ என்னவோ!

2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 திறந்தது. நான்கு ஆண்டுகள் இந்த வீதிக்கு ஒரு பொற்காலம் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். 2006 ஓகஸ்டில் மறுபடி மூடப்பட்டது. 2009 ஜனவரி 2ஆம் திகதி இராணுவம் நகரைக் கைப்பற்றியபோது நகரில் சனமே இல்லை. குண்டு வைத்து வீழ்த்தப்பட்ட பெரிய நீர்த்தாங்கி வீதியோரத்தில் சரிந்து கிடந்ததைத் தெற்கிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

முகாம்களிலிருந்து திரும்பியவர்கள் காணியைத் தேடினார்கள். வேலி இல்லை, கதியால் இல்லை, எல்லைக்கல் இல்லை. பனையையும் கிணற்றையும் வைத்துத்தான் இது நம்முடையது என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பெட்டிக்குள் வைத்த உத்தரவுப்பத்திரம் முள்ளிவாய்க்காலில் போயிற்று. அலுவலகங்களில் இருந்த கோவைகளிலும் பல அழிந்திருந்தன. கதியால் நட்டபோது சாட்சியாக நின்ற பெரியவர்களும் உயிரோடு இல்லை. வீடமைப்புத் திட்டங்கள் வந்தபோது காணி யாருடையது என்று காட்டப் பத்திரம் கேட்கப்பட்டது. இந்திய அரசின் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கொடுத்தார்கள். கட்டுவது பயனாளியின் பொறுப்பு. கணவனை இழந்து மூன்று பிள்ளைகளோடு வந்த ஒரு பெண், சீதனமாகத் தகப்பன் காட்டிய காணியில் நின்றுகொண்டு, பத்திரம் காணாமற்போன அண்ணன் பெயரில் இருக்கிறது என்று அலுவலருக்கு விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. எங்களில் ஒருவர் அப்படி ஓர் அலுவலகத்துக்குப் பதினொரு தடவை ஏறி இறங்கினார். பன்னிரண்டாம் தடவை, “அண்ணனைக் கூட்டிக்கொண்டு வாங்கோ அம்மா” என்றார்களாம். 2013இல் காணி ஆணையாளர் நாயகம் வெளியிட்ட முதலாம் இலக்கச் சுற்றறிக்கை, ஆவணம் இழந்தவர்களின் அரச காணிப் பிரச்சினைகளைத் தீர்ப்பதற்கு ஒரு வழிமுறையைத் தந்தது. அதன்பின் சில குடும்பங்களுக்கு வழி பிறந்தது.

இதற்கிடையில் வீதி வந்துவிட்டது. சீனக் கடனுதவியோடு ஏ9 அகலமாகிப் பளபளத்தது. 2013 செப்ரெம்பர் 14ஆம் திகதி புகையிரதம் மீண்டும் கிளிநொச்சிக்கு வந்தது; மறுவருடம் யாழ்ப்பாணம் சென்றது. அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் அமைந்தன. ஆடைத் தொழிற்சாலைகளும் வந்தன. வங்கிகள், நிதிக் கம்பனிகள், பல்பொருள் அங்காடிகள் எல்லாம் கண்டி வீதியில் முகப்புத் தேடி வந்தன. 1981இல் 92,000க்குச் சற்றுக் குறைவாக இருந்த மாவட்டச் சனத்தொகை, அத்தனை அழிவுக்கும் பின், 2012 கணக்கெடுப்பில் 1,13,000ஐத் தாண்டியிருந்தது.

காணியின் விலை ஏறியதை, அளவைச் சொல்லே காட்டிக்கொடுக்கும். எங்கள் சிறு வயதில் ஏக்கர் என்று சொன்னார்கள். இப்போது பரப்பு என்கிறார்கள், வீதிக்கரையென்றால் பேர்ச்சஸ். ஓர் ஏக்கருக்குப் பதினாறு பரப்பு, ஒரு பரப்புக்குப் பத்துப் பேர்ச்சஸ். சொல் சிறுக்கச் சிறுக்க விலை பெருக்கிறது. முன்பக்கத்துப் பன்னிரண்டு பரப்புக்கும் வாய்க்கால் பக்கத்துப் பன்னிரண்டு பரப்புக்கும் தகப்பன் காலத்தில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. உண்மையில் வாய்க்கால் பக்கம்தான் தென்னைக்கு நல்லது. இன்று முன்பக்கம் கடைத்தொகுதி, பின்பக்கம் வண்டி அகல ஒழுங்கை. அந்த ஒழுங்கையால் அம்புலன்ஸ் வராது, கட்டடத்துக்கு அங்கீகாரம் கிடைக்காது, வங்கி கடன் தராது. சகோதரிகளுக்குள் மனக்கசப்பு இல்லாத வளவு இந்த நகரில் குறைவு. அதிலும், பத்திரத்தில் பெயர் உள்ளவர் வெளிநாட்டில் இருக்கும் அண்ணனாகவோ அவர் பிள்ளையாகவோ இருந்து, அவர் முன்பக்கத்தைக் கொடுக்க முடிவெடுத்துவிட்டால், பின்பக்கத்தில் நாற்பது வருடம் இருந்தவளின் வழியே அடைபட்டுவிடும்.

பெர்மிட் காணியை உறுதி முடித்து விற்க முடியாது என்றுதானே சொன்னோம். பிறகு எப்படி இவ்வளவு கைமாறுகிறது என்று கேட்பீர்கள். வெள்ளைத்தாளில் ஓர் உடன்படிக்கை, அல்லது அற்றோணித் தத்துவம், அல்லது நீண்டகால வாடகை என்று ஒரு பெயர். வாங்குபவரும் கொடுப்பவரும் ஒருவரை ஒருவர் நம்பித்தான் நடக்கிறது. நம்பிக்கை குலைந்தால் நீதிமன்றத்தில் அந்தத் தாளுக்கு என்ன மதிப்பு இருக்கும் என்பதைச் சட்டம் படித்த நம் சகோதரிகளிடமே கேளுங்கள்.

வீதியின் நிலையும் இதேபோலத்தான். ஏ9 வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியது. சில உள்வீதிகள் மாகாண வீதித் திணைக்களத்துக்கு. ஒழுங்கைகள் பிரதேச சபைக்கு. வாய்க்காற் கரைப் பாதை நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு. புகையிரதக் கடவை புகையிரதத் திணைக்களத்துக்கு. ஒரு பிள்ளை வீட்டிலிருந்து பாடசாலைக்கு நடந்து போவதற்குள் இந்த ஐந்து ஆட்சிகளையும் கடந்துவிடும். இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்க ஒரு நகர சபையாவது இருக்கிறதா என்றால், இல்லை. மாவட்டத்தின் தலைநகரம் இன்றும் கரைச்சிப் பிரதேச சபையின் கீழேதான் இருக்கிறது. வயலும் குளமும் கிராமமுமாகப் பரந்து கிடக்கும் பெரிய பிரதேசத்தின் ஒரு மூலையில் நகரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நகர சபை வேண்டும் என்ற கோரிக்கை நீண்டகாலமாக இருக்கிறது. அதில் எங்களுக்கு உடன்பாடுதான். ஆனால் எல்லையைக் கோடு போடும்போது மேட்டுக் குடியிருப்புகள் வெளியே விடப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நகரத்துக்கு உழைக்கிறவர்கள் நகரத்துக்கு வெளியே என்றாகிவிடக் கூடாது.

வாய்க்கால் வரைந்த நகரம் வாய்க்காலை மறந்ததன் பலனை 2018 டிசம்பரில் கண்டோம். இரண்டொரு நாளில் கொட்டிய மழையில் இரணைமடு நிறைந்து வான்கதவுகள் திறக்கப்பட்டன. கண்டாவளை, கரைச்சிப் பிரதேசங்களில் ஆயிரக்கணக்கானோர் பாடசாலைகளில் தஞ்சம் புகுந்தார்கள். அவ்வளவு மழைக்கு எந்த ஊரும் தத்தளிக்கும் என்பது உண்மை. ஆனால் நகருக்குள் தண்ணீர் தேங்கி நின்ற இடங்களைப் பார்த்தால் வேறொன்று விளங்கும். வாய்க்கால் ஒதுக்கீட்டில் கடை, குளக்கரையில் மண் நிரப்பிய வளவு, மதகு இருந்த இடத்தில் சிறு குழாய். அந்தப் பழைய எந்திரிகள் விட்ட சரிவு இன்னும் நிலத்தில் இருக்கிறது. தண்ணீருக்கு அது ஞாபகம் இருக்கிறது. புதிதாக வீதி உயர்த்தும்போது பக்கத்து வளவு பள்ளமாகிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. அந்த வளவுகளில் பெரும்பாலும் பின்பக்கத்துச் சகோதரிகளே இருக்கிறார்கள்.

நல்ல செய்தியும் உண்டு. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருந்த ஆண் முன்னுரிமையைப் பாராளுமன்றம் 2022இல் திருத்தி நீக்கியது. மகனுக்குப் பின் மகள் என்ற வரிசை போய், பிள்ளைகள் என்றாகிவிட்டது. எண்பத்தேழு ஆண்டுகள் எடுத்தது. ஆனால் ஒருவரே உரித்தாளி என்ற அடிப்படை அப்படியே இருக்கிறது. மூத்தவர் பெண்ணாக இருந்தால் இப்போது அவர் பெயருக்கு வரும். தங்கைமாரின் நிலை பழையபடிதான். எனவே உரிமையாளர் உயிரோடு இருக்கும்போதே பின்னுரிமையாளரை நியமித்துப் பதிவது அவசியம். உட்பிரிவுக்கு அனுமதி கேட்கத்தக்க பரப்பளவு இருந்தால் அதையும் கேட்டுப் பார்க்க வேண்டும். 2024இல் தொடங்கிய ‘உறுமய’ திட்டம், உத்தரவுப்பத்திரக் காணிகளை முழு உரிமை உறுதியாக மாற்றித் தர முன்வந்தது. வரவேற்றவர்களும் இருக்கிறார்கள், விற்கலாம் என்றானதும் ஏழை விவசாயி முதலில் விற்றுவிடுவான் என்று அஞ்சுகிறவர்களும் இருக்கிறார்கள். எங்களுக்குள்ளேயே இதில் ஒருமித்த கருத்து இல்லை. 1935இல் இருந்த பயம் இன்றும் பொய்த்துவிடவில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறோம்.

இனி வெளிநாட்டுச் சகோதரிகளுக்குச் சில விடயங்கள். உங்கள் தகப்பனின் காணி உறுதிக் காணியா, பெர்மிட் காணியா, அளிப்புக் காணியா என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். மூன்றுக்கும் மூன்று சட்டம். பெர்மிட், அளிப்பு என்றால் போக வேண்டிய இடம் பிரதேச செயலகம், நொத்தாரிசு அல்ல. உறுதிக் காணியென்றால், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிநாட்டுப் பிரசைக்குக் காணி விற்கவோ நன்கொடை கொடுக்கவோ பொதுவாக முடியாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கும் வழியுரிமையாக வருவதற்கும் விலக்கு உண்டு. கனடாக் கடவுச்சீட்டு எடுத்த மகளுக்கு அம்மா நன்கொடை உறுதி எழுத நினைத்தால் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 1983 மே மாதத்துக்கும் 2009 மே மாதத்துக்கும் இடையில் போரினால் காணிக்குப் போக முடியாதிருந்தவர்களை ஆட்சியுரிமைக் கோரிக்கையிலிருந்து காக்க 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது. அதன் கால எல்லை கடந்துவிட்டது. உங்கள் வெறுங்காணியில் இன்று ஒரு குடும்பம் இருந்தால், எழுப்புவதற்கு ஆள் பார்க்கும் முன் அது யார் என்று கேளுங்கள். பல தடவை அது முப்பது வருடத்துக்கு முன் உங்கள் வயலில் நாற்று நட்டவளின் மகளாக இருக்கிறது. பேசித் தீர்த்த வளவுகளும் எங்களுக்குத் தெரியும்: முன்பக்கத்தில் சில பரப்பை எழுதிக் கொடுத்துவிட்டு, பின்பக்கத்தை நிம்மதியாக வைத்திருக்கிறார்கள்.

அரசாங்கம் பிடித்து வைத்திருந்த காணிகளின் கதை வேறு. நகர நடுவிலுள்ள பரவிப்பாஞ்சான் மக்கள் 2016இல் இராணுவத்திடமிருந்த தங்கள் வளவுகளுக்கு முன்னால் நாட்கணக்கில் அமர்ந்திருந்தார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் பெண்கள். காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன. 2025 மார்ச் 28ஆம் திகதிய வர்த்தமானி வடமாகாணத்தில் 5,941 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகும் என்று அறிவித்தது. அதில் கிளிநொச்சி மாவட்டத்தின் பங்கு 515 ஏக்கர். உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது; வர்த்தமானியும் மீளப்பெறப்பட்டது. அந்த மூன்று மாதமும் எங்கள் தொலைபேசிகள் ஓயவில்லை. டொரன்டோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் உள்ள அலுமாரிகளின் அடித்தட்டுகளிலிருந்து அப்போது எத்தனை பழைய காகிதங்கள் வெளியே வந்தன!

அந்தக் காகிதங்களைப் பற்றியே ஒரு வேண்டுகோள். கிளிநொச்சிக் கிளையில் நாங்கள், 1984க்கு முந்திய நகரின் ஒழுங்கைகளையும் வாய்க்கால்களையும் மதகுகளையும் நினைவிலிருந்து வரைந்து வருகிறோம். கரடிப்போக்கிலிருந்து டிப்போச் சந்தி வரை ஓரளவு முடிந்திருக்கிறது. இரத்தினபுரம், உதயநகர், ஆனந்தபுரம் பக்கம் இடைவெளிகள் நிறைய. பழைய நில அளவைப் படம், வரிப் பற்றுச்சீட்டு, உத்தரவுப்பத்திரத்தின் பிரதி, வளவு வேலி பின்னால் தெரிகின்ற ஒரு கலியாணப் படம் உங்களிடம் இருந்தால், மூலத்தை நீங்களே வைத்துக்கொண்டு, பிரதியைக் கிளைச் செயலாளருக்கு அனுப்பிவையுங்கள். பின்புறத்தில் வளவு எந்த வாய்க்காலின் எந்தப் பக்கம் என்றும், படத்தில் நிற்கின்ற பெண்களில் யாருக்கு எந்தத் துண்டு காட்டப்பட்டது என்றும் எழுதிவிடுங்கள்.